சென்னை: மணி, மழை, மணல், மான், ஆமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் முதல் வாரத்தில் ரயிலையும் தண்ணீரையும் பற்றிக் கேட்கிறார்கள். ஓராண்டு கழிந்த பிறகு மழையையும் பாம்பையும் பற்றிக் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இவற்றில் பலவற்றுக்கு விடை தெரிந்திருப்பதில்லை. கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய மூன்று ஆறுகள் கடலில் கலக்கும் தட்டையான மணற்கரையில் இந்த நகரம் அமைந்திருப்பதால், ஒரு கேள்விக்கு விடை தேடும்போது இன்னொன்றின் விடையும் அதனுடன் சேர்ந்து வந்துவிடுகிறது.

எழும்பூர், சென்ட்ரல் என்று இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் அருகருகே இருப்பது ஏன்?

இரண்டையும் கட்டியவர்கள் வேறு வேறு நிறுவனத்தார் என்பதே காரணம். மெட்ராஸ் ரயில்வே 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது. பின்னர் 1873-இல் சென்ட்ரல் நிலையத்தைத் திறந்தது. தெற்கே செல்லும் பாதைகளை நடத்திய சவுத் இந்தியன் ரயில்வே 1908-இல் எழும்பூர் நிலையத்தைத் திறந்தது. முன்னது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, பின்னது 1,000 மில்லிமீட்டர் மீட்டர்பாதை என்பதால், ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓட வழியே இல்லை. திருச்சியிலிருந்து வந்து டெல்லி செல்பவர், பெட்டி படுக்கையுடன் எழும்பூரில் இறங்கி, வண்டி பிடித்து சென்ட்ரலுக்குப் போவது பல தலைமுறைகளின் அனுபவமாக இருந்தது. 1931-இல் மின்மயமான கடற்கரை – தாம்பரம் புறநகர்ப் பாதையும் மீட்டர்பாதையே. 2004-இல்தான் அது முழுவதும் அகலப்பாதைக்கு மாறியது. பாதை ஒன்றானாலும் பழக்கம் முழுதாக மாறவில்லை. இன்றும் தென் மாவட்ட ரயில்களில் பெரும்பாலானவை எழும்பூர், தாம்பரம் பக்கமும், வடக்கு, மேற்கு ரயில்கள் சென்ட்ரல் பக்கமும் நிற்கின்றன. பயணச்சீட்டில் நிலையத்தின் பெயரை இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பறக்கும் ரயில் ஏன் சாக்கடைக் கால்வாயின் மேலேயே செல்கிறது?

அது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே படகுப் போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கப்பட்டது. பின்னர் வடக்கே ஆந்திரக் கடற்கரை வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலி வேலைக்கு வந்த மக்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். விறகும் உப்பும் நெல்லும் வந்த நீர்வழி காலப்போக்கில் கழிவுநீர் வழியானது. நெரிசல் மிகுந்த நகரின் நடுவே மேம்பாலப் பாதைக்கு நிலம் எடுப்பதைவிடக் கால்வாயில் தூண் நடுவது எளிதாக இருந்ததால், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், மயிலாப்பூர் வரை 1997-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் பறக்கும் ரயில் வந்தது. கால்வாயின் அகலத்தைத் தூண்கள் விழுங்கிவிட்டன என்பதும், மழைநீர் வடிய அந்த அகலம் தேவைப்பட்டது என்பதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் நினைவுக்கு வருகின்றன.

தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் எங்கிருந்து புறப்படுகின்றன?

2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. கோயம்பேட்டில்தான் ஏற வேண்டும் என்ற பழைய நினைவோடு புறப்பட்டால் பேருந்தைத் தவறவிடுவீர்கள். வண்டலூருக்கு அப்பால் இருப்பதால், நகரின் வடபகுதியிலிருந்து வருபவர்கள் தாராளமாக நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

‘மெட்ராஸ் டைம்’ என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றைக் கட்டியது. அங்கே விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. சென்னை கிழக்கு நெட்டாங்கில் சுமார் 80¼ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் பெருக்கினால் இந்தக் கணக்கு யாருக்கும் வந்துவிடும். பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்றிருந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவில் இருந்த மெட்ராஸ் நேரத்தை ரயில்வே தன் கால அட்டவணைக்கு எடுத்துக்கொண்டது. 1906-இல் 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் வந்தபோது, சென்னைக் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டன.

அந்த வானாய்வுக் கூடம் நேரம் பார்த்ததோடு நிற்கவில்லை. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் பொறுப்பாளரான ஜான் கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடப்படும் பீரங்கிகளை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார். பீரங்கி வாயில் தெரியும் பளிச்சிடலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, வெடிச்சத்தம் காதில் விழும்போது நிறுத்துவதுதான் முறை. நுங்கம்பாக்கத்திலிருந்து பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். வெளிச்சம் தெரிந்து ஏறத்தாழ 26 விநாடி கழித்தே சத்தம் வரும். வெயிலும் காற்றும் மாறும்போது அந்த விநாடிகள் கூடிக் குறைவதையும் அவர் குறித்துவைத்தார். இன்று அந்த 9 கிலோமீட்டரில் பீரங்கி வெடித்தாலும் அண்ணா சாலையின் ஹாரன் ஒலியில் கேட்காது. 1861-இல் நார்மன் போக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்தார். 1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்போது இயங்குவதுதான் புயல் நாள்களில் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் வானிலை மையம்.

சென்னையில் பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. சராசரியாக 12 மணி 9 நிமிடம் அளவில்தான் உச்சிக்கு வரும். பூமியின் நீள்வட்டப் பாதையினாலும் அச்சின் சாய்வினாலும் அது நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சில நிமிடம் முன்பாகவும், பிப்ரவரி நடுவில் 12.23 வாக்கிலும் நிகழும். உச்சி என்றாலும் அது நேர் தலைக்கு மேல் அல்ல. சென்னையின் குறுக்காங்கு வடக்கே சுமார் 13 பாகை என்பதால், சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவது ஆண்டில் இருமுறைதான்: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி. அன்று மொட்டைமாடியில் ஒரு செம்பை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நண்பகலில் அதன் நிழல் அடிப்பாகத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடும்.

கத்திரி வெயிலில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் வெப்பம் கூடுதலாகச் சொல்லப்படுவது ஏன்?

கடற்காற்று முதலில் எங்கே வந்து சேர்கிறது என்பதுதான் வேறுபாடு. நிலம் விரைவில் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். நண்பகலை ஒட்டி நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழும்போது, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. கரைக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தை அது முதலில் தொடுகிறது; உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் அதற்குள் இன்னும் ஒன்றிரண்டு பாகை ஏறிவிடுகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாள்களில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்படும். அந்த நாள்களில்தான் நகரம் வாணலியாகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவானது. மாலை மூன்று மணிக்கு மேல் கதவு திடீரென்று அடித்துச் சாத்திக்கொண்டால் கடற்காற்று வந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வது சரியான வானிலைக் கணிப்பே.

நாடெங்கும் ஜூனில் மழை. சென்னையில் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாகவே இங்கு வருகிறது. அக்டோபரில் காற்றின் திசை மாறியதும், வங்கக்கடலின் மீது வரும் வடகிழக்குக் காற்று ஈரத்தோடு நேரே நம் கரையில் மோதுகிறது. காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் அதே காலத்தில் உருவாகின்றன. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அதுவும் நாள்தோறும் அளவாகப் பெய்வதில்லை. 2015 டிசம்பர் 1 முதல் 2 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் வந்தால், அதைத் தாங்கும் ஏரியும் சதுப்பும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வீட்டுக்குள்தான் நிற்கும். அதே நகரம் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைப்பது எப்படி?

மணல் மழைநீரை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால், நிலத்தடியில் அது கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. இதன் கணக்கு வியப்பானது: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் போட்டால் ஆபத்தும் விளங்கும். மோட்டார் வைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு தேறுவதற்குப் பல மழைக்காலங்கள் தேவைப்படும். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. குழாயைப் பொருத்துவதோடு கடமை முடிந்ததென்று நினைப்பவர்களே அதிகம். ஆடி மாதத்தில் வடிகட்டிக் குழியைத் தோண்டி, மணலையும் கூழாங்கல்லையும் கழுவிப் போடாவிட்டால் அந்தக் குழாய் வெறும் அலங்காரம்.

வீடு பார்க்கும்போது பகுதியின் பெயரைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அதில் பொருள் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஏரி, தாங்கல், கரணை, மடு என்று முடியும் பெயர்கள் எல்லாம் ஒருகாலத்தில் நீர் நின்ற இடத்தையோ அதன் ஓரத்தையோ குறிப்பவை. தாங்கல் என்பது சிறிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அந்தத் தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று நீண்டு கிடந்த நீர்ப்பரப்பின் மீதுதான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது, கரை இருந்ததற்குச் சாட்சியாக. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். தெருவின் பெயரைப் படித்தபின், அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் “2015-இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?” என்று கேளுங்கள். பெரும்பாலானோர் சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். தரகர் தரும் தகவலைவிட அந்தக் கை காட்டும் உயரத்தை நம்பலாம்.

பள்ளிக்கரணை என்பது குப்பைமேடா, பறவைகளின் இடமா?

இரண்டும்தான். தென்சென்னையில் ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேரும். அதன் ஒரு பகுதியில் பல பத்தாண்டுகளாக மாநகரின் குப்பை கொட்டப்பட்டது. மற்றப் பகுதிகளில் குடியிருப்பும் மென்பொருள் அலுவலகங்களும் வந்தன. மிஞ்சிய நிலத்தில் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடானது. 2022-இல் சுமார் 12½ சதுர கிலோமீட்டர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

குளிர்காலக் காலையில் துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையோரம் நின்றாலே கூழைக்கடா, பூநாரை, நீலத் தாழைக்கோழி ஆகியவற்றைப் பார்க்கலாம். பொறுமை உள்ளவர்கள் நீளவால் இலைக்கோழியைத் தேட வேண்டும். அதன் கால்விரல்கள் உடலுக்குப் பொருந்தாத நீளம் கொண்டவை. எடை பரவிவிடுவதால் மிதக்கும் இலைகளின் மேல் அது தரையில் நடப்பதுபோல நடக்கும். அதன் குடும்ப வழக்கம் இன்னும் விந்தையானது. பெண் பறவை ஓர் ஆணின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு, அடுத்த ஆணிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் முழுக்க ஆணின் வேலை. இவ்வளவும் நடப்பது, அந்தச் சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போகும் இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில்.

மெரினா இவ்வளவு அகலமாக எப்போதும் இருந்ததா?

இல்லை. கோட்டையின் சுவருக்கு அருகிலேயே அலையடித்த காலம் உண்டு. மெரினாவின் மணல் பெரும்பாலும் துறைமுகம் தந்தது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கு, தெற்குத் திசைகளிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தின் சில மாதங்களில் மட்டும் மணல் தெற்கே நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிஞ்சும். 1870-களின் பிற்பகுதியில் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட துறைமுகச் சுவர், நகர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார்.

கணக்கின் மறுபக்கத்தைக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் கொடுத்தார்கள். தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் நின்றுபோனதால், வடசென்னையின் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அங்கே காண்பது மணற்கரையல்ல, கொட்டி வைத்த பாறாங்கற்கள். மெரினாவில் சுண்டல் தின்றபடி காற்று வாங்குபவர்களில் எத்தனை பேர் அந்தப் பாறைகளைப் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

மெரினாவில் குளிக்கலாமா?

கூடாது. அலைகள் கரையில் கொட்டிய நீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது உண்டாகும் இழுவை நீரோட்டம், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் உள்ளே கொண்டுபோய்விடும். அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் நீர்ப்பட்டைதான் பெரும்பாலும் அந்த வழி. அமைதியாக இருக்கிறதென்று அங்கே இறங்குபவர்களே மிகுதி. யாரேனும் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்த பிறகு திரும்ப வேண்டும்.

இரவில் கடல் நீல நிறமாக ஒளிர்ந்ததே, அது என்ன?

2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரைகளில் அலை உடையும் இடமெல்லாம் நீலமாக மின்னியதைப் பலரும் பார்த்தார்கள். நாக்டிலூக்கா என்ற ஒருசெல் மிதவை உயிர் கோடிக்கணக்கில் பெருகும்போது இது நிகழ்கிறது. நீர் குலுங்கும்போது அதன் செல்லுக்குள் நடக்கும் வேதிவினையால், மின்மினிப்பூச்சியில் நடப்பதைப் போல, சூடற்ற ஒளி பிறக்கிறது. காண அழகானதுதான், ஆனால் இவை அளவுக்கு மீறிப் பெருகும்போது நீரில் உயிர்வளி குறைந்து மீன்களுக்குக் கேடு வரலாம்.

கடலாமைகள் உண்மையிலேயே நகரக் கடற்கரையில் முட்டையிடுகின்றனவா?

ஆம், ஆண்டுதோறும். பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி, ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர், மெரினாக் கரைகளுக்கு வருகிறது. 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அந்த மாதங்களின் இரவுகளில் கரையோரமாக நடந்து, கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள்.

அந்த நடையில் கலந்துகொண்டால், பெரும்பாலான இரவுகளில் மணலும் கட்டுமரங்களும் தெருநாய்களும் மட்டுமே கண்ணில் படும். நல்வாய்ப்பு இருந்தால் ஈர மணலில் ஒரு சிறு டிராக்டர் ஏறிப் போனதுபோன்ற தடம் தெரியும். தடத்தின் முடிவில் தாய் ஆமை இருந்தால், வெளிச்சம் போடாமல் தள்ளி உட்கார வேண்டும். அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்துடுப்புகளால் மாறி மாறித் தோண்டும். ஒரு துடுப்பு கிண்ணம்போல் வளைந்து மணலை அள்ளி வெளியே வைக்கும். அடுத்தது உள்ளே போகும். தான் தோண்டும் குழியை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றரை அடி ஆழமான குடம்போன்ற குழி அமைந்ததும், பிங்பாங் பந்து அளவில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். கண்களில் நீர் வழியும். அது அழுகையல்ல, உடலில் சேர்ந்த உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது. பின்னர் மணலை மூடி, தன் உடலாலேயே பக்கத்துக்குப் பக்கம் தட்டி இறுக்கும். அந்தத் தட்டும் ஓசை சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் மணல் வழியாக அதிர்வாகத் தெரியும்.

சுமார் 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பமே அவற்றின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் சூடு கூடக்கூடப் பெண் குஞ்சுகள் மிகும். குஞ்சுகளுக்குத் தெரிந்த ஒரே வழிகாட்டி வெளிச்சம்: இருண்ட கரையிலிருந்து பார்த்தால் கடலின் விளிம்பே ஒளி மிகுந்தது. நகரத்தில் தெருவிளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் அவை சாலையை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. கடற்கரையை ஒட்டி வீடு உள்ளவர்கள் அந்த வாரங்களில் வெளிவிளக்கை அணைத்தால் அதுவே பேருதவி.

பிறகு ஏன் ஆண்டுதோறும் இறந்த ஆமைகள் ஒதுங்குகின்றன?

ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிரினம். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் பெரிய வலையான இழுவை மடியில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் இழுவை மடி போடுவதற்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. ஆமை வெளியேறுவதற்கான கம்பித் தடுப்பை மடியில் பொருத்தவும் முடியும். மீன் கொஞ்சம் நழுவிவிடும் என்பது மீனவர்களின் மறுப்பு. அதைப் பொய்யென்று தள்ளாமல் ஈடுகட்டும் வழியைப் பேசினால்தான் தடுப்பு மடியில் ஏறும்.

கிண்டியில் இருப்பது மானா, வேறு விலங்கா?

இரண்டு வகையும் உண்டு. சுமார் 2.7 சதுர கிலோமீட்டரே உள்ள கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. நகருக்குள் இருக்கும் தேசியப் பூங்காக்கள் இந்தியாவில் மிகச் சிலவே. அங்குள்ள புள்ளிமான் உண்மையான மான். அதன் கிளைத்த கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமான் உண்மையான மானல்ல, மறிமான் (ஆன்டிலோப்) இனம். அதன் முறுக்கிய கொம்பு விழுவதில்லை. வெளிமானுக்குப் பெயருக்கேற்ற வெட்டவெளியும் புல்லும் வேண்டும். மரமும் புதரும் அடர்ந்தால் புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், வெளிமானுக்குத் திண்டாட்டம். ஆகவே, கிண்டியில் மரம் நடுவதெல்லாம் இயற்கைக்கு நல்லது என்று எண்ணுவது தவறு. இரவில் அப்பக்கம் ஊளை கேட்டால் அது நாயாக இல்லாமல் குள்ளநரியாகவும் இருக்கலாம். வேலியோர மான்களுக்குப் பிஸ்கட்டும் அதன் உறையும் போடுபவர்கள், அந்த உறை மானின் வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடும் என்பதை அறிய வேண்டும்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

அடிக்க வேண்டாம்; தள்ளி நின்று அது போகும் இடத்தைக் கண்காணித்தபடி, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். சென்னை வீடுகளில் அடிக்கடி தென்படுவது எலியைத் தேடி வரும் நஞ்சற்ற சாரைதான். சாரையும் நாகமும் பிணைந்து ஆடுவதாக ஊரில் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே நாட்டில் மிகுந்த உயிரிழப்புக்குக் காரணமானவை. கடிபட்டால் கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அங்கே ஏற்றப்படும் மருந்தின் தொடக்கம் சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றபோது பிழைப்பிழந்த, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்கள், 1978-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கத்தினர், பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே மருந்து செய்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

செல்பேசிக் கோபுரங்களால்தான் சிட்டுக்குருவிகள் குறைந்தனவா?

அதற்கு உறுதியான சான்று இல்லை. ஓட்டு வீட்டின் இடுக்கும், மளிகைக்கடை வாசலில் சிந்திய தானியமும், குஞ்சுக்கு ஊட்டத் தோட்டத்துப் புழுவும் போனதைப் பேசுவதைவிடக் கோபுரத்தைக் குறை சொல்வது எளிதாக இருக்கிறது.

வேடந்தாங்கலுக்கு எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதிகாலையிலோ மாலை நாலரைக்கு மேலோ போகலாம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1936-இல் சரணாலயமானாலும், அதற்கு முன்பே 1798-இல் ஊரார் ஆட்சியாளரிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கியிருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்ததே காரணம். நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் நீர்க்காகமும் மாடி வீடுபோல அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டால் பறவைகள் வாரா. புறப்படும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு, பார்வைக் கோபுரத்துக்கு அருகில் வாடகைக்குக் கிடைக்கும்.